வாடகைக்கு வீடு மறுத்தால் சட்டம் என்ன சொல்கிறது?

"என் வீடு, என் இஷ்டம். யாருக்கு விடணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்." வாடகை வீட்டைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடும். பாதி நியாயம் இதில் இருக்கிறது. கடன் வாங்கிக் கட்டிய வீடு. மாதாமாதம் வாடகை வருமா, வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வார்களா என்று பார்ப்பதில் தவறே இல்லை. சம்பளச் சீட்டு கேட்கலாம், அட்வான்ஸ் கேட்கலாம், முன்பு இருந்த வீட்டில் விசாரிக்கலாம். பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள் இவற்றில் கை வைப்பதில்லை.

அவை கேட்பது வேறு கேள்வி. வாடகை கட்டுவதற்கும் ஒருவர் எந்தச் சாதியில் பிறந்தார் என்பதற்கும் என்ன சம்பந்தம்? எந்தச் சாமியைக் கும்பிடுகிறார், கணவர் உயிரோடு இருக்கிறாரா, சக்கர நாற்காலியில் வருகிறாரா என்பதெல்லாம் குடித்தனத்தோடு எப்படிச் சேரும்? "இன்னின்ன காரணத்துக்காக வீடு மறுக்கக் கூடாது" என்று ஒரு பட்டியல் போடுவதுதான் இந்தச் சட்டங்களின் அடிப்படை. பட்டியலில் இல்லாத காரணம் என்றால் மறுப்பது உரிமையாளரின் விருப்பம். இன்னாருக்குத்தான் வீட்டைக் கொடு என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

இந்த வகைச் சட்டம் எதைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாரைக் காக்கிறது? யாரைக் கட்டுப்படுத்துகிறது? மீறினால் என்ன ஆகும்? இந்தியாவில் நமக்கு உரிமைகள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சட்டத்திலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்று பலவீனமாக இருக்கிறது. அதனால்தான் அரசமைப்புச் சட்டம் வந்து எழுபத்தைந்து ஆண்டு கடந்த பிறகும் "நீங்க எந்த ஆளுங்க?" என்று வாசலிலேயே கேட்க முடிகிறது.

அரசமைப்புச் சட்டம் எதுவரை வருகிறது?

1917-இல் பரோடா சமஸ்தானத்தில் வேலையில் சேர வந்தார் அம்பேத்கர். கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவருக்கு அந்த ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளுக்கான ஒரு விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. நண்பர்கள் இருவரிடம் அடைக்கலம் கேட்டார். ஒருவர், நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், அதுவும் நடக்கவில்லை. அன்றிரவே ரயிலேறி பம்பாய் திரும்பினார். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

பிற்காலத்தில் அவர் தலைமையில் வரைவு எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தில் 15-ஆம் கூறு இருக்கிறது. அதன் முதல் உட்பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. கவனியுங்கள்: அரசு. வீட்டுவசதி வாரியம் ஒருவருக்குச் சாதி பார்த்து ஒதுக்கீடு மறுத்தால் நேரே உயர் நீதிமன்றம் போகலாம். பக்கத்துத் தெரு வீட்டுக்காரர் மறுத்தால் இந்த உட்பிரிவு அவர் மேல் பாயாது.

இரண்டாவது உட்பிரிவு தனியாரையும் தொடுகிறது. கடை, பொது உணவகம், ஹோட்டல், பொழுதுபோக்கு இடம், பொதுப் பயன்பாட்டுக்கான கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகிய இடங்களில் யாரையும் தடுக்கக் கூடாது. பட்டியலில் ஹோட்டல் இருக்கிறது, குடியிருக்கும் வீடு இல்லை.

இங்கே ஒரு சின்ன வெளிச்சம் உண்டு. 1948-இல் அரசமைப்பு அவையில் "கடை" என்றால் எதுவரை என்று கேள்வி எழுந்தபோது, தேடி வருகிற எவருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் தயாராக இருக்கும் இடம் என்று அம்பேத்கர் விரிவாகப் பொருள் சொன்னார். அந்தப் பதிலை எடுத்துக்காட்டி 2011-இல் உச்ச நீதிமன்றம் தனியார் கல்லூரிகளையும் இந்த உட்பிரிவுக்குள் கொண்டுவந்தது. வாசலில் டூலெட் போர்டு மாட்டியவரும் அப்படித்தானே என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்த வாதம் சரியென்றே படுகிறது. ஆனால் உச்ச நீதிமன்றம் அந்தப் படியை ஏறவில்லை.

ஏறாதது மட்டுமில்லை, அதற்கு முன்பே எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அகமதாபாத்தில் 1926-இல் பதிவான ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் துணைவிதி, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்றது. உறுப்பினர் ஒருவர் தன் இடத்தை வெளியாருக்கு விற்க முனைந்தபோது வழக்கு வந்தது. குஜராத் உயர் நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகச் சொன்னது. 2005 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, சங்கம் அமைக்கும் உரிமையைக் காட்டி, துணைவிதி செல்லும் என்றது. கூட்டுறவுச் சங்கம் அரசு அல்ல, எனவே அடிப்படை உரிமைகள் அதைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் உள்ளே ஓடும் தர்க்கம். எண்ணிக்கையில் சுருங்கிவரும் சிறுபான்மை ஒன்று சேர்ந்து வாழ நினைப்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதே தீர்ப்பை ஊரில் பலம் படைத்த சமூகங்களும் கேடயமாகப் பிடிக்க முடியும். யாரிடம் அதிகாரம் இருக்கிறது என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு கேட்டிருக்க வேண்டும்.

யாரும் எடுத்துப் பார்க்காத ஒரு சட்டம்

இனி நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களுக்கு வருவோம். தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் கூறு அரசை மட்டுமின்றி எல்லோரையும் கட்டுப்படுத்தும். அதைச் செயல்படுத்த 1955-இல் வந்தது தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். 1976-இல் திருத்தப்பட்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. போலீஸ் வட்டாரத்தில் பி.சி.ஆர். சட்டம் என்பார்கள். டீக்கடை இரட்டைக் குவளை, கோயில் நுழைவு இவற்றோடுதான் இந்தச் சட்டத்தை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் 4-ஆம் பிரிவைப் பொறுமையாகப் படித்தால், எந்தப் பகுதியிலும் குடியிருப்பு ஒன்றைக் கட்டுவது, வாங்குவது, அதில் குடியிருப்பது தொடர்பாகத் தீண்டாமையின் பேரில் ஒருவருக்குத் தடை போடுவது குற்றம் என்று இருக்கிறது. தடை என்பதில் பாகுபாடும் அடங்கும் என்று விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள். "எந்தப் பகுதியிலும்" என்பதால் கிராமத்து ஊர்த்தெரு மட்டுமில்லை, சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பும் இதற்குள் வரும்.

இதைவிட முக்கியமானது 12-ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் ஊகிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. பாகுபாட்டு வழக்குகளில் பெரிய சிக்கலே மனதில் இருந்த காரணத்தை நிரூபிப்பதுதான். அந்தச் சுமையை 1955-லேயே நம் சட்டம் மாற்றி வைத்திருக்கிறது. அப்புறம், 4-ஆம் பிரிவு "எந்த நபரும்" என்றே பேசுகிறது. மதம் மாறியதால் பட்டியல் சாதிச் சான்றிதழ் இல்லாத தலித் கிறிஸ்தவர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கைகொடுக்காது. இந்தச் சட்டத்தின் சொற்கள் அவர்களையும் விலக்கவில்லை. 12-ஆம் பிரிவின் ஊகம்தான் அவர்களுக்குக் கிடைக்காது.

அப்படியானால் ஏன் வேலை செய்யவில்லை? மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். இன்று சென்னையில் புரோக்கர் கமிஷனே இதைப்போல் பல மடங்கு. பாதிக்கப்பட்டவருக்கு வீட்டை வாங்கித் தரவோ இழப்பீடு தரவோ இந்தப் பிரிவில் வழியில்லை. வாடகை வீடு தேடி அலைகிறவருக்கு அடுத்த மாதம் குடியேற ஒரு கூரை வேண்டும், கிரிமினல் வழக்கு நடத்த நேரம் ஏது? போலீசும் இப்படி ஒரு பிரிவு இருப்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களை வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேற வைப்பது அதில் குற்றம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது. இவற்றுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

சரி, சாதிக்கு வெளியே? 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டத்தில், தொற்று உள்ளவருக்குக் குடியிருக்க, வாங்க, வாடகைக்கு எடுக்க உள்ள உரிமையை எவரும் மறுக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அவரோடு வசிப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. மாநில அரசு ஆம்புட்ஸ்மேன், அதாவது புகார்களை விசாரிக்கும் அதிகாரி, ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் வந்தால் அவர் முப்பது நாளில் உத்தரவு போட வேண்டும். உத்தரவை மீறினால் அபராதம். யாரைக் காக்கிறது, யாரைக் கட்டுப்படுத்துகிறது, மீறினால் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. நம்மிடம் உள்ளவற்றில் ஓரளவு முழுமையான வடிவம் இதுதான்.

2019-ஆம் ஆண்டின் திருநர் சட்டத்திலும் கிட்டத்தட்ட அதே வாசகம். தனிநபரும் நிறுவனமும் திருநருக்கு வீடு மறுக்கக் கூடாது. ஆனால் தண்டனைப் பிரிவுக்குப் போனால், குடியிருக்கும் வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ துரத்துவதற்குத்தான் தண்டனை. வாடகைக்கு மறுப்பதற்குத் தண்டனை எழுதப்படவில்லை. வீடு கிடைப்பதே அரிதான மக்களுக்கு, கிடைத்த வீட்டிலிருந்து துரத்தினால் மட்டும் பாதுகாப்பு என்பது கையில் இருந்தும் எட்டாத உரிமை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டமும் பாகுபாட்டைப் பொதுவாகத் தடைசெய்கிறது. வாடகை வீட்டை அது தனியே பேசவில்லை.

இஸ்லாமியர் என்பதற்காக மறுத்தால்? தனியாக வாழும் பெண், விவாகரத்தானவர், வடகிழக்கு மாநிலத்து இளைஞர், மீன் சமைப்பவர் என்று மறுத்தால்? தனியார் வீட்டு உரிமையாளரைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. இஸ்லாமியரின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006-இல் சமவாய்ப்பு ஆணையம் வேண்டும் என்றது. சசி தரூர் மக்களவையில் கொண்டுவந்த பாகுபாட்டுத் தடை மற்றும் சமத்துவத் தனிநபர் மசோதா, சட்டமாகாமலே காலாவதியானது.

முழுச் சட்டம் ஒன்று எப்படி இருக்கும்?

இதற்கு அமெரிக்காவின் 1968 நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தைப் பார்ப்பது நல்லது. அங்கே கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கு 1930-களில் அரசு நிறுவனமே வரைபடத்தில் சிவப்பு அடித்து, வீட்டுக்கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று குறித்தது. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதும் பழக்கமும் இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் 1966-இல் சிகாகோவில் இதற்காக ஊர்வலம் போனபோது அவர் மேல் கல் விழுந்தது. நாடாளுமன்றத்தில் மசோதா இழுத்துக்கொண்டே கிடந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார்.

முதலில் பட்டியலில் இருந்தவை இனம், நிறம், மதம், பூர்வீக நாடு. 1974-இல் பாலினம் சேர்ந்தது. 1988-இல் மாற்றுத்திறனும், குழந்தைகள் உள்ள குடும்பம் என்பதும் சேர்ந்தன. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்தது அது தடைசெய்யும் செயல்களின் நுணுக்கம். மறுப்பதோடு தடை நிற்கவில்லை. ஒருவருக்கு அதிக வாடகை சொல்வது, "இன்னார் மட்டும்" என்று விளம்பரம் போடுவது, புரோக்கர் ஒரு இனத்தாரை ஒரே பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் அடங்கும். அதோடு, காலியாக இருக்கும் வீட்டை, பட்டியலில் உள்ள காரணத்துக்காக, காலியில்லை என்று சொல்வதும் சட்டவிரோதம். நம் ஊரில் பெயரைக் கேட்ட பிறகு வரும் "இப்பதாங்க ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்ற பொய் அங்கே தனியாகவே ஒரு மீறல்.

அந்தப் பொய்யை எப்படிப் பிடிப்பது? ஒரே மாதிரி வருமானம் உள்ள இரண்டு பேரை, ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர், அடுத்தடுத்து அனுப்பிச் சோதிக்கிறார்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் புறநகரில் கறுப்பினச் சோதனையாளரிடம் வீடு இல்லை என்றார்கள், வெள்ளையரிடம் இருக்கிறது என்றார்கள். இவர்கள் உண்மையில் வாடகைக்கு வரவில்லையே, என்ன நஷ்டம் என்று நிறுவனம் வாதிட்டது. 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீடு இருக்கிறதா என்ற உண்மைத் தகவலைப் பெறுவதே ஒரு உரிமை, பொய் சொல்லப்பட்டவர் வழக்குப் போடலாம் என்றது. அதற்குப் பத்தாண்டு முன், சான் பிரான்சிஸ்கோ குடியிருப்பு ஒன்றின் வெள்ளையர்களும் வழக்குப் போடலாம் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. மற்ற இனத்தாரை ஒதுக்கியதால் கலந்து வாழும் பயனை அவர்களும் இழந்தார்கள் என்பது காரணம். நமக்கு இதிலிருந்து கற்க நிறைய இருக்கிறது.

இன்னொரு கருத்தையும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். சாதியைச் சொல்லி மறுப்பது நேரடிப் பாகுபாடு. எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றும் விதி ஒன்று நடைமுறையில் சிலரை மட்டும் வெளியே நிறுத்தினால் அது மறைமுகப் பாகுபாடு. உள்நோக்கம் நிரூபிக்கப்படாவிட்டாலும், தக்க காரணம் இல்லாத விதியின் விளைவை வைத்தே வழக்குத் தொடரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015-இல் உறுதிசெய்தது. "சைவம் மட்டும்" போர்டை இந்தக் கண்ணால் பாருங்கள். உணவைப் பற்றிய விதிதான். ஆனால் அந்த ஒரு சொல்லில் எத்தனை சாதிகளும் எத்தனை மதங்களும் கதவுக்கு வெளியே போகின்றன என்பது போர்டு எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

அமெரிக்கச் சட்டத்தில் ஓட்டையும் உண்டு. நான்கு வீடுகள் வரை உள்ள கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால் பெரும்பாலான விதிகள் பொருந்தாது. விளம்பரத் தடை மட்டும் பொருந்தும். இனப் பாகுபாட்டுக்கு 1866-ஆம் ஆண்டின் பழைய சட்டம் இருப்பதால் அங்கேயும் தப்ப முடியாது. கீழே ஓனர், மேலே குடித்தனம் என்று வாழும் நம் ஊரில் இந்த விலக்கை அப்படியே நகலெடுத்தால் சட்டமே மிஞ்சாது. சட்டம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நியூஸ்டே நாளிதழ் 2019-இல் வெளியிட்ட சோதனையில், வீடு விற்கும் முகவர்கள் கறுப்பினத்தவரை 49 சதவீதம், ஹிஸ்பானியரை 39 சதவீதம், ஆசியரை 19 சதவீதம் சோதனைகளில் வேறு மாதிரி நடத்தியதற்கான சான்று கிடைத்தது. ஆனால் சட்டம் இருந்ததால் அந்தப் புள்ளிவிவரம் மீறலின் கணக்காக வெளியே வந்தது. இங்கே அதே நடத்தை வெறும் வழக்கம்.

நாம் போகும் இடத்துக்கெல்லாம் சாதியும் கூட வந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம், அமெரிக்க நகரங்களில் முதலாவதாக, வேலையிலும் வீட்டிலும் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. வாடகை வீட்டில் சாதி பார்க்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் அங்கே இருக்கிறது, தமிழ்நாட்டில் இல்லை. இது எனக்கு வேதனை தருகிறது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

மறுத்தால் முதலில் சான்று சேருங்கள். போனில் பேசியதை வாட்ஸ்அப்பில் ஒருமுறை கேளுங்கள்: வீடு காலியாக இருக்கிறதா, என்ன காரணத்தால் எங்களுக்கு இல்லை? அன்றைக்கே வேறு பெயருள்ள நண்பர் ஒருவரை விசாரிக்கச் சொல்லுங்கள். ஆன்லைன் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பட்டியல் சாதியினர் என்றால் புகாரில் பி.சி.ஆர். சட்டத்தின் 4, 12 பிரிவுகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். நிலையத்தில் இருப்பவருக்கு அது நினைவில் இல்லாமல் இருக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவானால் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

குடியேறிய பிறகு சாதியோ மதமோ தெரிந்து நெருக்கடி கொடுப்பது வேறு கதை. அங்கே எல்லோருக்கும் ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் வீடு கொடுக்கும்போது பாகுபாடு காட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் வெளியேற்ற வேண்டுமானால் சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். சாதியும் மதமும் சமையலும் அந்தப் பட்டியலில் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் இருப்பது மட்டும் அதில் ஒரு காரணமாக இருக்கிறது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தை எழுதி வாங்கி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள். "நமக்குள்ள எதுக்குங்க பேப்பர்?" என்று ஓனர் சொன்னாலும் விடாதீர்கள்.